அட்டவணையை மாற்றும்போது பழைய மதிப்பெண்கள்: 'ஆல்டர்' கட்டளையைக் கற்பிப்பது குறித்து

பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில், எஸ்.கியூ.எல். பாடத்தில் 'ஆல்டர் டேபிள்' கட்டளைக்குக் கிடைத்திருக்கும் இடம் கொஞ்சம்தான். புதிய புலம் சேர்க்க 'ஆட்', புலத்தின் வகையை மாற்ற 'மாடிஃபை', பெயரை மாற்ற 'ரீநேம்', நீக்க 'டிராப்'. நான்கையும் கரும்பலகையில் எழுதி, ஆளுக்கொரு எடுத்துக்காட்டு எழுதச் சொன்னால் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும். தேர்வில் கேட்டாலும் மாணவர்கள் எழுதிவிடுவார்கள். மதுரைக்கு வெளியே, வயலும் செங்கல் சூளையும் கலந்து கிடக்கும் ஒரு பகுதியின் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியராக இருக்கும் நான், இந்தப் பகுதிக்கு ஒன்றுக்கு மூன்றாகப் பாடவேளை எடுத்துக்கொள்கிறேன். ஏன் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

வகுப்பில் நாம் மாற்றிக் காட்டும் அட்டவணை பெரும்பாலும் காலியானது. இரண்டு நிமிடம் முன்புதான் உருவாக்கியிருப்போம். அதில் ஒரு புலத்தைச் சேர்த்தாலும் நீக்கினாலும் யாருக்கும் நட்டமில்லை. உண்மையான அட்டவணையில் ஆட்கள் இருக்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் படித்துவிட்டுப் போனவர், உண்மைத்தன்மைச் சான்றுக்காக இன்று அலுவலகத்தின் முன் நிற்கிறார். கட்டளை அதேதான். ஆனால் அதை இயக்கும் கை கொஞ்சம் நடுங்க வேண்டும். அந்த நடுக்கத்தைக் கற்பிக்கத்தான் கூடுதலாக இரண்டு பாடவேளை.

முதல் பாடவேளையில் மென்பொருளைத் தொடுவதே இல்லை. நம் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்கிறேன். மார்ச் 2018 வரை மேல்நிலைப் பொதுத்தேர்வில் பாடத்துக்கு 200, ஆறு பாடங்களுக்கு 1200. மார்ச் 2019 முதல் பாடத்துக்கு 100, மொத்தம் 600. ஒரு பள்ளியின் பழைய மாணவர்களின் மதிப்பெண்களை வைத்திருக்கும் சிறிய நிரல் ஒன்று 2015இல் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் பெயர், தேர்வு எண், ஆண்டு, ஆறு பாட மதிப்பெண்கள். 'மொத்தம் எத்தனைக்கு' என்ற புலம் இல்லை. எழுதியவருக்கு அது தேவைப்படவில்லை. 1200 என்பது வானம் நீலம் என்பது போன்ற உண்மை. இப்போது புதிய மாணவர்களைச் சேர்க்க வேண்டும். என்ன செய்வது என்று வகுப்பைக் கேட்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் முதலில் வரும் விடை இதுதான்: "பழசு எல்லாத்தையும் ரெண்டால வகுத்திடலாம் மிஸ்." கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கிறது. எல்லோரும் 600க்கு வந்துவிடுவார்கள், ஒப்பிடவும் எளிது. ஓராண்டு பின் இருக்கையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்க அக்கா 2017ல முடிச்சா மிஸ். அவ மார்க்கப் பாதியாக் குறைச்சா அவ சண்டைக்கு வந்துருவா." வகுப்பு சிரித்தது. அவளைக் கரும்பலகைக்கு அழைத்து, ஆறும் ஒற்றைப்படையாக வரும்படி நான் அமைத்த மதிப்பெண்களைக் கூட்டச் சொன்னேன்: 181, 193, 187, 189, 195, 191. மொத்தம் 1136. பாதி 568. ஆனால் முழு எண்களை மட்டும் வைத்திருக்கும் புலத்தில் பாடம் பாடமாக வகுத்தால் 90, 96, 93, 94, 97, 95. கூட்டினால் 565. இரண்டால் பெருக்கித் திரும்பப் போனால் 1130. ஆறு மதிப்பெண் காணாமல் போய்விட்டது, யாரும் எடுக்கவில்லை. கட்-ஆஃப் கால் மதிப்பெண்ணில் கல்லூரி மாறிப்போவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மதிப்பெண் குறைந்தது ஒரு சிக்கல் என்றால், அதைவிடப் பெரிய சிக்கல் இது: அந்த அக்காவின் சான்றிதழில் 1136 என்று அச்சாகியிருக்கிறது. எந்தத் தாளிலும் இல்லாத ஓர் எண்ணை நம் அட்டவணை சொல்லத் தொடங்கினால், சரிபார்க்க வந்தவர் எதை நம்புவார்? ஆகவே சரியான மாற்றம் பழைய எண்களைத் தொடாதது. 'உச்ச மதிப்பெண்' என்று ஒரு புதிய புலம். 2018 வரையிலான பதிவுகளுக்கு 200, அதன் பிறகு 100. விழுக்காடு வேண்டுமென்றால் கேட்கும்போது கணக்கிட்டுக்கொள்ளலாம். இதுவரை யாரும் சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒன்றை இனி அட்டவணையே சொல்ல வேண்டும். கட்டமைப்பு மாற்றங்களில் பாதி இப்படிப்பட்டவைதான் என்பது என் அனுபவம்.

அடுத்தது அகமதிப்பீடு. பழைய முறையில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 150, செய்முறை 50. புதிய முறையில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. ஆக, அகமதிப்பீட்டுக்கு ஒரு புலம் சேர்க்க வேண்டும். 2017இல் முடித்தவரின் வரிசையில் அந்தக் கட்டத்தில் என்ன இருக்கும்?

"சைபர் போடலாம் மிஸ்." இதுவும் ஒவ்வோர் ஆண்டும் வரும். 'டீஃபால்ட்' கட்டுப்பாட்டைப் பாடத்தில் படித்திருப்பதால் உடனே கைக்கு வந்துவிடுகிறது. சைபர் என்பது ஒரு மதிப்பெண். 'இவருக்கு அகமதிப்பீடு நடந்தது, ஒன்றும் பெறவில்லை' என்பது அதன் பொருள். நடக்கவே நடக்காத மதிப்பீட்டில் ஒருவரைத் தோற்கடிக்கிறோம். இங்கே வர வேண்டியது 'நல்' என்னும் வெற்று மதிப்பு. ("நல்லுன்னா நல்லதா மிஸ்?" என்று ஒருவன் கேட்பதும் ஆண்டுதோறும் உண்டு. தமிழ் ஆசிரியர் பக்கத்து வகுப்பில் இருந்தால் இருவருக்கும் சிரிப்பு.) நான்கு பேருக்கு 8, 9, 10, வெற்று என்று இட்டு 'ஏவிஜி' சார்பைக் கொண்டு சராசரி காணச் சொல்லுங்கள். 9 என்று வரும். வெற்றைச் சராசரி எண்ணிக்கொள்ளாது. வெற்றுக்குப் பதில் சைபர் இட்டால் 6.75. ஒரே வகுப்பு, இரண்டு சராசரி. அதுபோலவே, எல்லா வரிசைகளையும் எண்ணும் 'கவுன்ட்' நான்கு என்றும், அந்தப் புலத்தை மட்டும் எண்ணும் 'கவுன்ட்' மூன்று என்றும் சொல்லும். இதை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கள் இதன் பொருளை உணர்வது அன்றைக்குத்தான்.

கொரோனாக் காலம் இந்தப் பாடத்துக்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தந்துவிட்டுப் போயிருக்கிறது. 2021இல் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டனர். சான்றிதழில் மதிப்பெண் இல்லை. 'மதிப்பெண் காலியாக இருக்கக் கூடாது' என்ற கட்டுப்பாட்டோடு 2015இல் அட்டவணை அமைத்தவர் இதை எப்படி எதிர்பார்த்திருப்பார்? கட்டுப்பாட்டைத் தளர்த்தாமல் 35 என்று போட்டு ஒப்பேற்றினால், அந்த ஆண்டு முழுவதும் ஒரே மதிப்பெண்ணில் தேறியவர்கள் என்று பின்னால் வருபவர் நினைப்பார். அதே ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று கணக்கிட்டு, தசமத்தோடு மதிப்பெண் தந்தார்கள். முழு எண் புலத்தில் 93.46 என்று இடப்போனால் மைஎஸ்கியூஎல் பிழை எதுவும் சொல்லாமல் 93 என்று வைத்துக்கொள்ளும். எஸ்கியூலைட் அந்தத் தசமத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும்; புலத்தின் வகையில் அது அவ்வளவு கறார் இல்லை. பிழைச் செய்தி வந்தால் நல்லது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. செய்தி வராமல் நடக்கும் மாற்றத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், இது மேல்நிலைக்குரியது என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தச் சிக்கலை நம்மில் அதிகம் சந்திப்பவர்கள் நீங்கள்தான். 2012-13இல் யூடைஸ் தொடங்கியபோது வகுப்புவாரியாக எத்தனை ஆண், எத்தனை பெண் என்று தொகையாகக் கேட்டார்கள். 2018-19இல் யூடைஸ் பிளஸ் இணையவழிக்கு வந்தது. 2022-23 முதல் மாணவர்வாரியாகத் தனித்தனியே பதிகிறோம். வேலை கூடிவிட்டது என்று நாம் அலுத்துக்கொண்டது உண்மை. ஆனால் கட்டமைப்பாகப் பார்த்தால் இது ஒருவழிப் பாதை. தனித்தனிப் பதிவுகளிலிருந்து தொகையை எப்போது வேண்டுமானாலும் கூட்டி எடுக்கலாம். 2014ஆம் ஆண்டின் தொகையிலிருந்து ஒரு குழந்தையின் பெயரைக்கூட மீட்க முடியாது.

முகவரிக் கலத்தையும் பாருங்கள். மதுரை மாநகராட்சியில் முன்பு 72 வார்டுகள். 2011இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் போன்றவை சேர்ந்து 100 ஆயின, எண்களும் மாறின. பழைய சேர்க்கைப் பதிவேட்டில் 'வார்டு 40' என்று இருப்பதும் இன்றைய 'வார்டு 40' என்பதும் ஒரே தெரு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தேனி மாவட்டம் பிரிவதற்கு முன் ஆண்டிபட்டியில் பிறந்தவரின் சான்றிதழில் மதுரை மாவட்டம் என்றுதான் இருக்கும். அதைத் தேனி என்று 'திருத்துவது' திருத்தமாகாது. அப்போது வழங்கிய பெயர் ஒரு கலத்தில் அப்படியே இருக்கட்டும். இன்றைய மாவட்டம் வேறொரு கலத்தில் வரட்டும். நாலாம் வகுப்புக் குழந்தைகளுக்கே இதைக் கொடுக்கலாம். தாத்தா, பாட்டியின் ஊரும் மாவட்டமும் அன்று என்ன, இன்று என்ன என்று கேட்டு எழுதிவரச் சொன்னால் அதுதான் பாடம்.

இனி ஆய்வகம். இரண்டாம் பாடவேளை.

பைத்தான் வழியாகத் தரவுத்தளத்தைக் கையாளும் பாடத்தில் நாம் பயன்படுத்துவது எஸ்கியூலைட். ரிச்சர்டு ஹிப் 2000இல் வெளியிட்டது. தனியாகச் சேவையகம் எதுவும் வேண்டாம். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. நம் கைப்பேசிகளில் பல செயலிகள் இதில்தான் தரவை வைக்கின்றன. இது ஒரு மென்பொருள் நூலகம் என்பதைத்தான் மாணவர்கள் கவனிப்பதில்லை. பைத்தானோடு சேர்ந்து வருவதால் அதையும் பைத்தான் என்றே நினைத்துவிடுகிறார்கள். எஸ்.கியூ.எல். பாடத்தில் படித்த 'ஆல்டர்' கட்டளைகளை அங்கே இட்டுப் பார்க்கும்போதுதான் குழப்பம் தொடங்கும். 'மாடிஃபை' எந்தக் கணினியிலும் ஓடாது. எஸ்கியூலைட்டில் அந்தக் கட்டளையே இல்லை. 'டிராப்' சில கணினிகளில் ஓடும், சிலவற்றில் ஓடாது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவன் வீட்டில் அண்ணன் மடிக்கணினியில் செய்து பார்த்த நிரலை அப்படியே கொண்டுவந்தான். அங்கே ஓடியது இங்கே 'டிராப்' என்ற சொல்லருகே இலக்கணப் பிழை என்றது. தட்டச்சுப் பிழை என்று கால்மணி நேரம் தேடினார்கள். நானும் தேடவிட்டேன்.

காரணம் நூலகத்தின் பதிப்பு. 'ஆட் காலம்' 2005 முதல் இருக்கிறது. புலத்தின் பெயரை மாற்றும் வசதி 3.25 பதிப்பில், செப்டம்பர் 2018இல்தான் வந்தது. புலத்தை நீக்கும் வசதி 3.35இல், மார்ச் 2021இல். அதற்கு முன் விண்டோஸ் கணினியில் நிறுவி அப்படியே விட்ட பைத்தானில் 'டிராப் காலம்' இருக்க வாய்ப்பில்லை. எந்தப் பதிப்பு என்று பார்க்க ஒரே வரி போதும்: 'எஸ்கியூலைட்3' கூறின் 'எஸ்கியூலைட்_வெர்ஷன்' என்ற மதிப்பை அச்சிட வேண்டும். ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளிலும் மாணவர்களையே இதை இயக்கச் சொல்லி, வரும் எண்ணைக் கணினியின் மேல் ஒட்டச் சொன்னேன். நாங்கள் ஒரே மாதிரி என்று நினைத்திருந்த கணினிகளில் மூன்று வெவ்வேறு பதிப்புகள் இருந்தன.

கோப்பைப் பற்றிய நற்செய்தியையும் சொல்லிவிடுவேன். 2004இல் வெளியான மூன்றாம் தலைமுறை எஸ்கியூலைட்டில் உருவாக்கிய கோப்பை இன்றைய பதிப்பு திறக்கும். 2050 வரை ஆதரவு தருவோம் என்று அதை உருவாக்கியவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மென்பொருள் உலகில் இப்படி நீண்ட வாக்குறுதி அபூர்வம்.

அப்படியானால் பழைய பதிப்பில் ஒரு புலத்தின் கட்டுப்பாட்டை எப்படி மாற்றுவது? புதிய பதிப்பிலும் எல்லா மாற்றத்துக்கும் நேரடிக் கட்டளை கிடையாது. இதற்கு நான் எடுப்பது பாலினப் புலம். 'எம்' அல்லது 'எஃப்' மட்டுமே வரலாம் என்று 'செக்' கட்டுப்பாட்டோடு எழுதிய அட்டவணை. ஏப்ரல் 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. ஒரு மாணவர் தன்னை எப்படிப் பதிய வேண்டும் என்பது உரிமையான பிறகு, நம் அட்டவணை 'ஏற்க மாட்டேன்' என்று பிழை காட்டுவது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் அல்ல. எஸ்கியூலைட்டில் இதற்கு அட்டவணையையே திருப்பிக் கட்ட வேண்டும். புதிய கட்டுப்பாட்டோடு வேறொரு பெயரில் புதிய அட்டவணை, பழையதிலிருந்து எல்லா வரிசைகளையும் அதில் நகலெடுத்தல், பழையதை நீக்குதல், புதியதற்குப் பழைய பெயரை இடுதல்.

இந்த வரிசை மாறக் கூடாது. பழைய அட்டவணையை முதலில் 'பழைய_மாணவர்' என்று பெயர் மாற்றிவிட்டுத் தொடங்கலாமே என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். அதுதான் பாதுகாப்பாகவும் தெரியும். ஆனால் மதிப்பெண் அட்டவணை 'ஃபாரின் கீ' மூலம் மாணவர் அட்டவணையைச் சுட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை மாற்றினால் அந்தச் சுட்டும் பின்னாலேயே போய் 'பழைய_மாணவர்' என்று மாறிக்கொள்ளும். பிறகு பழையதை நீக்கினால், மதிப்பெண்கள் இல்லாத ஓர் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். 'ஃபாரின் கீ' சோதனை இயக்கத்தில் இருந்தால் வேலை முடியும்வரை அதை நிறுத்திவைக்க வேண்டும். பரிமாற்றம் தொடங்குவதற்கு முன்பே நிறுத்த வேண்டும், நடுவில் முடியாது.

பரிமாற்றம் என்றதும் 'கமிட்', 'ரோல்பேக்' நினைவுக்கு வரும். எங்கள் பகுதியில் மின்தடை பற்றி விளக்க வேண்டியதில்லை. நகலெடுக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்டாலே போதும். எஸ்கியூலைட்டில் நான்கு படிகளையும் ஒரே பரிமாற்றத்துக்குள் வைக்கலாம். நடுவில் நின்றால் அடுத்த முறை திறக்கும்போது அட்டவணை பழைய நிலையிலேயே இருக்கும். மைஎஸ்கியூஎல்லில் அப்படி முடியாது. அங்கே ஒவ்வொரு 'ஆல்டர்' கட்டளையும் தானாகவே 'கமிட்' ஆகிவிடும். ஐந்து படிகளில் மூன்றாவதில் நின்றால், இரண்டு முடிந்த நிலையில் மாட்டிக்கொள்வோம். பைத்தானில் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமான முறையில் அது 'இன்சர்ட்', 'அப்டேட்', 'டெலீட்' போன்றவற்றுக்கு முன்புதான் தானாகப் பரிமாற்றத்தைத் தொடங்கும். 'கிரியேட்', 'ஆல்டர்' கட்டளைகளுக்குத் தொடங்காது. எனவே 'பிகின்' என்பதை மாணவர்களே எழுத வேண்டும். இதைச் சோதிக்க, நகலெடுத்த வரிக்குப் பின் வேண்டுமென்றே சுழியால் வகுக்கும் ஒரு வரியை வைத்து நிரலை விழவைப்போம். விழுந்த பிறகு அட்டவணை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் அன்றைய செய்முறை.

மூன்றாம் பாடவேளை, எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது நிரல் ஒருவரிடம் இல்லை, பென்டிரைவ் வழியாக மூன்று பள்ளிகளுக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு பள்ளி 2015இன் அட்டவணையிலேயே இருக்கிறது. இன்னொன்றில் 'உச்ச மதிப்பெண்' சேர்த்தாகிவிட்டது. மூன்றாவதில் அகமதிப்பீடும் இருக்கிறது. புதிய நிரலை மூவருக்கும் கொடுத்தால், தான் திறந்திருக்கும் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

மாணவர்கள் பலவிதமாக யோசிப்பார்கள். கோப்பின் பெயரில் ஆண்டைச் சேர்க்கலாம் என்பார்கள். பெயரை யாரும் மாற்றிவிடலாம். புலங்களை எண்ணிப் பார்க்கலாம் என்பார்கள். கட்டுப்பாடு மட்டும் மாறியிருந்தால் எண்ணிக்கை ஒன்றுதான். கடைசியில் யாராவது, கோப்புக்குள்ளேயே ஓர் எண் எழுதிவைக்கலாம் என்பார்கள். எஸ்கியூலைட் கோப்பின் தலைப்பகுதியில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. 'பிரக்மா யூசர்_வெர்ஷன்' என்ற கட்டளையால் அந்த எண்ணைப் படிக்கலாம், எழுதலாம். தொடக்கத்தில் சுழியம். எஸ்கியூலைட் அதைத் தனக்காகப் பயன்படுத்துவதில்லை. நிரல் எழுதுபவருக்காகவே விட்டுவைத்திருக்கிறது.

பிறகு எல்லாம் எளிது. ஒவ்வொரு மாற்றமும் எண்ணிட்ட ஒரு படி. ஒன்றாம் படி உச்ச மதிப்பெண், இரண்டாம் படி அகமதிப்பீடு, மூன்றாம் படி பாலினக் கட்டுப்பாடு. நிரல் திறந்ததும் எண்ணைப் படிக்கிறது. 1 என்றால் இரண்டையும் மூன்றையும் வரிசையாகச் செய்கிறது. ஒவ்வொன்றும் முடிந்ததும், அதே பரிமாற்றத்துக்குள், எண்ணையும் கூட்டிவைக்கிறது. 3 என்றால் சும்மா இருக்கிறது. 4 என்றிருந்தால்? தன்னைவிடப் புதிய நிரல் இந்தக் கோப்பைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அப்போது பழைய நிரல் மரியாதையாகச் செய்தி சொல்லிவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். புரியாத கோப்பில் எழுத முயலக் கூடாது.

வெளியே போய்விட்ட படியைத் திருத்தக் கூடாது என்பதுதான் பிள்ளைகளுக்கு ஏற்கக் கடினமானது. இரண்டாம் படியில் 'டீஃபால்ட் 0' என்று எழுதி அனுப்பிவிட்டோம், பிறகு தவறென்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியைத் திருத்தினால் இனி மேம்படுத்தும் பள்ளிக்குச் சரியாகிவிடும். ஏற்கெனவே இரண்டாம் படியைக் கடந்த பள்ளிக்குப் போய்ச் சேராது. இரண்டு பள்ளியிலும் எண் ஒன்றே, உள்ளே இருப்பது வேறு. நான்காம் படி என்று புதிதாக ஒன்றை எழுதி அங்கே சரிசெய்வதுதான் வழி. சேர்க்கைப் பதிவேட்டில் தவறான பதிவை வெள்ளை மை பூசி மறைக்காமல், அடித்து, சரியானதை எழுதி, தலைமை ஆசிரியர் சுருக்கொப்பமிடுவதை அவர்களுக்குக் காட்டுவேன். நூறாண்டுப் பழக்கம் அது. கணினிக்காரர்கள் பிறகு வந்தார்கள்.

பெரிய மென்பொருள்களும் இதைத்தான் செய்கின்றன. ரூபி ஆன் ரெயில்ஸ் 2005இலேயே 'மைக்ரேஷன்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. பைத்தானின் ஜாங்கோவில் முதலில் 'சவுத்' என்ற தனிக் கூறாக இருந்து, 2014இல் 1.7 பதிப்பில் உள்ளேயே வந்தது. எந்தப் படிகள் முடிந்தன என்பதைத் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையிலேயே அது குறித்துவைக்கும். நூலகங்கள் பலவும் பயன்படுத்தும் கோஹா மென்பொருள் நியூசிலாந்தில் பிறந்தது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். அதுவும் தன் அமைப்புகளுக்கான அட்டவணையில் பதிப்பு எண்ணை வைத்து, மேம்படுத்தும்போது விடுபட்ட படிகளை மட்டும் செய்கிறது. கல்லூரிக்குப் போய் இவற்றைப் பார்க்கும்போது, ஆய்வகத்தில் ஐந்து வரியில் எழுதியதுதானே இது என்று நம் பிள்ளைகளுக்குத் தோன்றினால் போதும்.

பாடநூலை ஒட்டி ஒன்று சொல்ல வேண்டும். 'இன்சர்ட்' கட்டளையைப் புலங்களின் பெயரோடும் எழுதலாம், பெயரில்லாமல் மதிப்புகளை மட்டும் வரிசையாகவும் எழுதலாம். தேர்வுக்கு இரண்டும் சரி. ஆனால் ஒரு புலம் சேர்ந்த அடுத்த நொடியே பெயரில்லாத 'இன்சர்ட்' விழுந்துவிடும். அட்டவணையில் ஐந்து புலம், கொடுத்தது நான்கு மதிப்பு என்று பிழை வரும். அதுகூட நல்லதுதான், செய்தி வருகிறது. எல்லாப் புலங்களையும் கேட்கும் உடுக்குறி 'செலக்ட்' எழுதி, மூன்றாவது இடத்தில் இருப்பதுதான் வேதியியல் என்று எண்ணி எடுக்கும் நிரல் இன்னும் ஆபத்தானது. அட்டவணையைத் திருப்பிக் கட்டும்போது புலங்களின் வரிசை மாறியிருந்தால், இயற்பியல் மதிப்பெண்ணை வேதியியல் என்று காட்டும். எல்லாம் நூறுக்குள் இருக்கும் எண்கள்தானே, பார்த்தால் தெரியாது. புலங்களின் பெயரை எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வற்புறுத்துங்கள். கை வலிக்கிறது என்பார்கள், பரவாயில்லை.

செய்முறைப் பதிவேட்டில் இந்தப் பயிற்சிக்கு ஒரு சோதனைப் பட்டியலையும் எழுதவைக்கிறேன். மாற்றத்துக்கு முன் கோப்பை நகலெடுத்து வேறு பெயரில் வைத்தல். வரிசைகளின் எண்ணிக்கை முன்னும் பின்னும். ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண் கூடுதல் முன்னும் பின்னும். ஒரு பழைய மாணவர், ஒரு புதிய மாணவர், 2021இல் முடித்த ஒருவர், இந்த மூவரின் வரிசையையும் திரையில் எடுத்து, தாளில் உள்ளதோடு ஒப்பிடுதல். எண்ணிக்கை பொருந்தியும் கூடுதல் பொருந்தாமல் போன குழு இருந்திருக்கிறது. தசமம் அங்கேதான் தொலைந்திருந்தது.

இந்தக் கல்வியாண்டில் வகுப்பு தானாகவே ஒரு கேள்வியை எழுப்பியது. 2017-18இல் தொடங்கிய பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இப்போது கைவிடப்பட்டுவிட்டது. எங்கள் பயிற்சித் தரவுத்தளத்தில் அதற்கென ஓர் அட்டவணை இருக்கிறது. இனி அதில் புதிய வரிசை வராது. "அப்ப அத டிராப் பண்ணிடலாம்ல மிஸ்?" என்றது ஒரு குழு. "அதுல நம்ம மார்க் இருக்குடா" என்றது இன்னொரு குழு. அரைமணி நேரம் வாதம் நடந்தது, நான் தலையிடவில்லை. ஐந்தாம் படியாக அவர்கள் எழுதிய நிரலில் எந்த அட்டவணையும் நீங்கவில்லை. புதிய மாணவரைச் சேர்க்கும் திரையிலிருந்து மட்டும் பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் கட்டங்களை எடுத்துவிட்டு, 2025 வரை எழுதியவர்களைத் தேடும்போது அவை தெரியும்படி வைத்திருக்கிறார்கள். அந்தப் படியின் மேல் குறிப்புரையாக, தேர்வு எந்த ஆண்டு தொடங்கி எந்த ஆண்டு நின்றது என்று இரண்டு வரி தமிழில் எழுதியிருந்தார்கள். நான் கேட்காமலேயே எழுதியது அது.